குளிரில் மட்டும் இருண்ட திரை: பழைய மடிக்கணினி ஒன்றின் பின்னொளிப் பழுது பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கு விவரிக்கப்படும் மடிக்கணினி, நுவரெலியாவை அடுத்த கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவருடையது. 2008ஆம் ஆண்டளவில் விற்பனைக்கு வந்த வகையைச் சேர்ந்தது. 15.4 அங்குல அகலத் திரை. அதன் பின்னொளி இன்றைய கணினிகளில் உள்ளதுபோல் எல்ஈடி வரிசை அன்று, திரையின் கீழ் விளிம்பில் கிடையாகப் படுத்திருக்கும் சிசிஎஃப்எல் எனப்படும் மெல்லிய கண்ணாடிக் குழாய் விளக்கு. அவர் அக்கணினியைக் கைவிடாமல் வைத்திருந்தமைக்குச் சிக்கனம் மட்டும் காரணமல்ல. பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்த தவணைப் பரீட்சை வினாத்தாள்களும் பயிற்சித் தாள்களும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அதற்குள்ளேயே கிடந்தன. பாடசாலையில் இருந்த பழைய பிரிண்டரும் அந்தக் கணினியோடு மட்டுமே ஒழுங்காக ஒத்துழைத்தது. இறக்குமதிக் கட்டுப்பாடும் ரூபாயின் வீழ்ச்சியும் சேர்ந்த 2022க்குப் பிறகு, புதிய மடிக்கணினி என்பது ஆசிரியச் சம்பளத்துக்கு எளிதில் எட்டும் பொருளாகவும் இருக்கவில்லை.

பழுது முதன்முதலில் தலைகாட்டியது 2022 ஜனவரியில். கணினி இயங்கும் ஓசை கேட்கும், விளக்குகள் எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். அடுத்து வந்த வாரங்களில் நாடெங்கும் மின்வெட்டு தொடங்கி, மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதால், மின்சாரம் போய்ப் போய் வந்ததில்தான் கணினி கெட்டுப்போனது என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டிவிட்டனர். பழுது மின்வெட்டுக்கு முந்தியது என்பது அந்தப் பேச்சில் மறைந்துபோயிற்று.

அவ்வாண்டு ஏப்ரலில் வேறொரு பழுதுபார்க்கும் இடத்தில் கொடுத்தபோது, பின்னொளிக்கு உயர் மின்னழுத்தம் வழங்கும் இன்வேர்ட்டர் என்ற சிறு சுற்றுப்பலகையை மாற்றிக் கொடுத்தார்கள். திரை ஒளிர்ந்தது, மாதக்கணக்கில் எந்தத் தொல்லையும் இல்லை. டிசம்பரில் அதே இருட்டு மீண்டும் வந்தது. இம்முறை அந்த இடத்தில் மதர்போர்ட், அதாவது கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகை, போய்விட்டது, இனிச் செலவு செய்வது வீண் என்று சொல்லிவிட்டார்கள். 2023 ஜனவரியில், தலவாக்கலையில் வேலை செய்யும் அவரது அண்ணன் மூலம் கணினி அவ்வூரிலேயே உள்ள எங்கள் பழுதுபார்க்கும் கடைக்கு வந்து சேர்ந்தது.

கடையில் கண்டது

ஆசிரியையே நேரில் வந்திருந்தார். பிற்பகல் வேளை, வெயிலும் இருந்தது. மேசையில் வைத்து ஆளியை அழுத்தியதும் திரை ஒளிர்ந்துவிட்டது. பழுது கண்முன் தோன்றாத இத்தகைய தருணங்களில், "இப்போது நன்றாகத்தானே இருக்கிறது, கொண்டுபோய்ப் பாருங்கள்" என்று திருப்பி அனுப்புவது பல கடைகளில் நடப்பதுதான். அவர் அதை எதிர்பார்த்தவர்போல முந்திக்கொண்டார்.

"தம்பி, இங்க போட்டவுடனே வெளிச்சம் வந்ததைப் பார்த்து நான் பொய் சொல்றேன்னு நெனச்சிராதீங்க. வீட்டுல காலையில போட்டா இருட்டுதான். பகல்ல சில நேரம் வரும்."

"இல்லைங்க டீச்சர். வந்த விதத்தைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

வந்த விதத்தில் ஒரு சேதி இருந்தது. திரை ஒளிர்ந்த முதற் சில விநாடிகளில் வெண்மை இல்லை. கீழ் விளிம்பிலிருந்து இளஞ்சிவப்புச் சாயல் பரவி, பிறகே மெல்ல வெளுத்தது. இடது கீழ்மூலை மற்றப் பகுதியை விடச் சற்றே மங்கலாகவும் இருந்தது. குழாய் விளக்கின் ஒளி, உள்ளே உள்ள பாதரச ஆவியிலிருந்து வருகிறது. குழாய் குளிர்ந்திருக்கும்போதோ, முதிர்ந்து பயன்படக்கூடிய பாதரசம் குறைந்துபோகும்போதோ, நிரப்பப்பட்டுள்ள நியோன், ஆகன் வாயுக்களின் சிவந்த நிறமே முதலில் தெரியும். வெயிலுள்ள பிற்பகலில், குளிராத அறையில் இந்தச் சிவப்பு வந்தது கவனத்துக்குரியதாக இருந்தது.

அவரிடம் மேலும் இரண்டு விடயங்களைக் கேட்டோம். எந்த மாதங்களில் பழுது மோசம் என்பதற்கு, "மார்கழி, தை" என்றார். வீட்டில் எந்த இடத்தில் கணினி இருக்கும் என்பதற்கு, தகரக் கூரை வேய்ந்த முன்னறையில், ஜன்னலோரம் என்றார். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. கந்தப்பளையும் ஏறக்குறைய அதே உயரம். தலவாக்கலை சுமார் 1,200 மீற்றரில்தான் இருக்கிறது. ஆயிரம் மீற்றருக்கு ஆறரைப் பாகை செல்சியஸ் என்ற வழக்கமான கணக்கில் பார்த்தால், அவரது வீட்டுக்கும் எங்கள் மேசைக்கும் இடையே ஒரே நேரத்தில் நான்கு பாகை வித்தியாசம் இருக்கும். ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் அங்கே தேயிலைக் கொழுந்து கருகும் அளவுக்கு உறைபனி கொட்டும் நாட்களும் உண்டு. முதல் இன்வேர்ட்டர் மாற்றம் ஏப்ரலில் நடந்தது என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்த்தோம். ஏப்ரல், நுவரெலியாவின் வசந்த காலம். அன்று பழுதைத் தீர்த்தது புதிய பலகையா, இளஞ்சூடான பருவமா என்ற ஐயம் அப்போதே எழுந்தது.

திறப்பதற்கு முன் செய்த சோதனைகள்

திரை ஒளிர்ந்துகொண்டிருந்த அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி, முதலில் அவரது கோப்புகள் அனைத்தையும் பென் டிரைவ் ஒன்றில் பிரதி எடுத்து அவர் கையிலேயே கொடுத்தோம். பாமினி எழுத்துருக் கோப்பையும் அதோடு சேர்த்தோம்; எழுத்துரு இல்லாத கணினியில் அந்த வினாத்தாள்கள் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். பழுதுபார்ப்பில் எது நடந்தாலும் அவருடைய உழைப்பு தப்பவேண்டும் என்பதால், இதை ஏனைய எல்லாவற்றுக்கும் முன்னே வைத்தோம்.

கணினியைக் கடையில் விட்டுச் செல்லுமாறு கேட்டு, அன்றிரவு சார்ஜரைக் கழற்றி, மூடியைத் திறந்த நிலையில் ஜன்னலருகே வைத்தோம். கடையில் வேலை பழகும் பையன், "அண்ணே, ஃபிரிஜ்ஜுக்குள்ள வச்சா இப்பவே தெரிஞ்சிருமே" என்றான். யோசனை தவறில்லை, வழிதான் தவறு. ஃபிரிஜ்ஜிலிருந்து வெளியே எடுத்ததும் எங்கள் ஊர் ஈரக்காற்று கணினியின் உட்பாகமெங்கும் நீராகப் படியும். உயர் மின்னழுத்தச் சுற்று உள்ள ஒரு பொருளை அந்த நிலையில் இயக்குவது புதுப் பழுதை விலைகொடுத்து வாங்குவதாகும். இயற்கைக் குளிர் இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் ஓர் இரவு பொறுத்திருப்பதில் நட்டமில்லை.

விடிந்ததும் எதிர்பார்த்தது நடந்தது. ஆளியை அழுத்தியவுடன் கீழ் விளிம்பில் ஒரு செந்நிறக் கீற்று தோன்றி, ஒரு விநாடியளவில் அணைந்தது. அறையை இருட்டாக்கி டோர்ச் வெளிச்சத்தைத் திரையின் மீது சாய்வாகப் பாய்ச்சியபோது, கடவுச்சொல் கேட்கும் பெட்டியும் அதன் பின்னணிப் படமும் மங்கலாகத் தெரிந்தன. திரவப் படிகத் திரை தானாக ஒளி உமிழ்வதில்லை, பின்னிருந்து வரும் ஒளியைத் தடுத்தும் விட்டும் படம் காட்டுவதே அதன் வேலை. ஆகவே டோர்ச் ஒளியில் படம் தெரிந்தால், கணினி படத்தை உருவாக்கித் திரைவரை கொண்டுவந்து சேர்க்கிறது, ஒளி மட்டுமே இல்லை என்பது உறுதியாகும். மதர்போர்ட் போய்விட்டது என்ற தீர்ப்பு இந்த ஒரு சோதனையிலேயே வலுவிழந்தது. வீஜிஏ கேபிளில் இணைத்த வெளி மொனிட்டரிலும் படம் குறையின்றி வந்தது.

ஒளி இல்லாமைக்குச் சாத்தியமான காரணங்களில் எளியவற்றை அடுத்து விலக்கினோம். மூடியை மூடினால் பின்னொளியை அணைக்கும் சிறு ஆளி, கீல் அருகே சிக்கிக்கொண்டிருந்தாலும் இதே இருட்டு வரும். அதை விரலால் பலமுறை அழுத்தி விடுவித்தும் மாற்றமில்லை. கீலின் ஊடாகச் செல்லும் கேபிள் தேய்ந்திருந்தால், மூடியை முன்னும் பின்னும் அசைக்கும்போது ஏதாவதொரு கோணத்தில் ஒளி மின்னி மறையும், அதுவும் நடக்கவில்லை. ஒளிர்வுக் குறைப்புச் சாவிகள் முந்திய நாள் ஒழுங்காக வேலை செய்ததால், கணினியிலிருந்து இன்வேர்ட்டருக்குப் போகும் கட்டளையும் குறையற்றது என்று கொண்டோம்.

பின்னர், தலைமுடி உலர்த்தும் கருவியை மிகக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, திரைச் சட்டத்தின் கீழ் விளிம்பை மட்டும் இடமிருந்து வலமாகச் சற்று நேரம் இதமாகச் சூடாக்கினோம். கணினியை அணைத்து மீண்டும் இயக்கியபோது, செந்நிறத்தில் தொடங்கிய ஒளி இம்முறை அணையாமல் நின்று வெளுத்தது. குளிரே பழுதைக் கொண்டுவருகிறது என்பதில் இதற்குமேல் ஐயமிருக்கவில்லை. ஆனால் குளிர் எதைப் பாதிக்கிறது, குழாயையா இன்வேர்ட்டரையா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. இரண்டும் ஒன்றன் அருகே ஒன்றாக அதே கீழ்ச்சட்டத்துக்குள்தான் இருக்கின்றன.

இரண்டில் எது

இந்த இடத்தில் அவசரப்படாமல் நின்றதே முழு வேலையின் முக்கியமான முடிவு என்பது என் கருத்து. முந்திய இடத்தில் இன்வேர்ட்டரை மாற்றியதற்கு ஒரு நியாயம் உண்டு: இந்த வகைக் கணினிகளில் அதுதான் அடிக்கடி பழுதாகும் பாகம், விலையும் குறைவு, திருகாணி இரண்டைக் கழற்றினால் கைக்கு வரும். ஆனால் ஒளி ஒரு விநாடி தோன்றி அணைவது இன்வேர்ட்டரின் குறையாகவும் இருக்கலாம், அதன் நல்ல குணமாகவும் இருக்கலாம். குழாய் வழியே உரிய மின்னோட்டம் ஓடவில்லை என்று கண்டால், உயர் மின்னழுத்தம் வீணே நிற்காதபடி தானே அணைந்துவிடுமாறு அந்தப் பலகைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. வீட்டுக் கூரையில் மாட்டிய பழைய டியூப் லைட் மழைக்குளிரில் பற்றிக்கொள்ளத் திணறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல: குழாய் முதிர முதிரவும் சுற்றியுள்ள வெப்பநிலை குறையக் குறையவும், அதை முதலில் பற்றவைக்கத் தேவையான மின்னழுத்தம் கூடுகிறது. இரண்டும் ஒன்றுசேரும் விடியலில், நல்ல இன்வேர்ட்டரும் தோற்று ஒதுங்கும்.

சார்ஜரையும் பற்றரியையும் கழற்றிய பின்னரே திரைச் சட்டத்தைத் திறந்தோம். இன்வேர்ட்டரின் வெளிச்செல்லும் பக்கத்தில் குழாய் எரியும்போதே பல நூறு வோல்ற்று இருக்கும், பற்றவைக்கும் கணத்தில் அது ஆயிரத்தைத் தாண்டும். இயங்கும் நிலையில் அந்த முனையைத் தொடக்கூடாது. உள்ளே இருந்த இன்வேர்ட்டர் பலகை புதிதாகவே இருந்தது, சாலிடர் பளபளத்தது. மலைநாட்டு ஈரம் காரணமாக உயர் மின்னழுத்தப் பக்கத்தில் கசிவு ஏற்பட்டிருக்குமோ என்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத் தேடினோம். பச்சைக் களிம்போ, தீய்ந்த கரிக்கோடோ, கருகிய வாடையோ இல்லை.

தீர்ப்பளித்த சோதனை எளியது. கண்ணாடி வெடித்து ஒதுக்கப்பட்ட, அதே அளவுள்ள திரைப் பெனல் ஒன்று கடையில் இருந்தது. படம் காட்ட அது உதவாது, ஆனால் அதன் பின்னொளிக் குழாய் நல்ல நிலையில் இருப்பது தெரிந்த விடயம். அதையும் இரவில் அதே ஜன்னலருகே கிடத்தி, மறுநாள் விடியற்காலையில், கணினியின் இன்வேர்ட்டரிலிருந்து அதன் சொந்தக் குழாயின் இளஞ்சிவப்பு, வெள்ளைக் கம்பி இணைப்பைக் கழற்றிவிட்டு, உடைந்த பெனலின் இணைப்பைச் செருகினோம். அதே இன்வேர்ட்டர், அதே குளிர், அதே ஈரக்காற்று. வெடிப்புக் கோடுகளுக்குப் பின்னால் வெள்ளை ஒளி உடனே பரவி, அணையாமல் நின்றது. இன்வேர்ட்டர் குற்றமற்றது என்பது இப்படி நிறுவப்பட்டது. மாற்ற வேண்டியது குழாய்.

எந்த வழி, ஏன்

ஆசிரியையிடம் தொலைபேசியில் நிலைமையை விளக்கி நான்கு வழிகளைச் சொன்னோம். கணினியை இனி வெளி மொனிட்டரோடு மட்டும் பயன்படுத்துவது செலவில்லாத வழி, ஆனால் அவர் அதைப் பாடசாலைக்கும் வீட்டுக்கும் தூக்கிச் செல்பவர். முழுப் பெனலையும் மாற்றலாம். கொழும்பு புறக்கோட்டைப் பக்கம் தேடினால் கிடைக்கக்கூடும், ஆனால் இந்த வயதுள்ள பெனல்கள் பெரும்பாலும் பிற கணினிகளிலிருந்து கழற்றியவையே, அவற்றின் குழாய்களும் இதே அளவு முதிர்ந்திருக்கும், காசு மட்டும் பெனலுக்குரிய காசு. குழாயை நீக்கி எல்ஈடி பட்டியைப் பொருத்துவது மூன்றாவது வழி. குளிரில் தடுமாறாது, மின்சாரமும் குறைவாகக் குடிக்கும். எனினும் பட்டியின் தடிப்பு ஒத்துவரவேண்டும், ஒளிர்வுக் கட்டளையோடு அதன் இயக்கிப் பலகை இணங்கவேண்டும், இவை அந்தக் கணினியில் ஒத்துவரும் என்று முன்கூட்டியே உறுதி சொல்ல எங்களால் முடியாது. நான்காவது, உடைந்த பெனலில் இருந்த குழாயை எடுத்து இதில் பொருத்துவது.

நான்காவதையே பரிந்துரைத்தோம். அந்தக் குழாய் இதே இன்வேர்ட்டரில், இதே குளிரில் எரிந்ததை ஏற்கனவே கண்ணால் பார்த்துவிட்டோம் என்பது மற்ற எந்த வழிக்கும் இல்லாத பலம். குழாய் உடையும் அபாயம் உண்டு என்பதையும், உடைந்தால் எல்ஈடி வழிக்குப் போகவேண்டியிருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. "பரீட்சை முடியிற வரைக்கும் ஓடினாலே போதும் தம்பி" என்றார் அவர்.

குழாய் மாற்றம்

பெனலை மெத்தென்ற துணியில் முகங்குப்புற வைத்து, கீழ் விளிம்பில் ஒட்டியிருந்த நாடாவை உரித்து, குழாயைத் தாங்கும் உலோகத் தவாளியைப் பக்கவாட்டில் வளைக்காமல் நேராக வெளியே இழுத்தோம். ஒளிபரப்பும் படலங்களைக் கலைக்காமல் இவ்வளவையும் செய்ய முடிந்தது வசதியாயிற்று. அப்படலங்களுக்கிடையே ஒரு தூசு புகுந்தாலும் திரையில் நிலையான புள்ளியாகத் தெரியும்.

வெளியே வந்த பழைய குழாய் தன் கதையைத் தானே சொன்னது. சுமார் 33 சென்டிமீற்றர் நீளம், ஈர்க்குக்குச்சியை விடச் சற்றே தடிப்பு. இரு முனைகளிலும் கண்ணாடியின் உட்புறம் நகக்கண் அளவுக்குக் கன்னங்கரேலென்று கறுத்திருந்தது. மின்வாய் உலோகம் ஆண்டுக்கணக்கில் சிதறிப் படிந்ததால் வரும் கறுப்பு அது. உயர் மின்னழுத்தக் கம்பி சேரும் இடது முனையில் இருந்த இறப்பர் உறை பழுப்பேறி, தொட்டதும் உதிர்ந்தது. முதல் நாள் மங்கலாகத் தெரிந்த மூலையும் அந்த இடது முனைதான்.

உடைந்த பெனலின் தவாளி வேறு தயாரிப்பாளருடையது, துளைகள் பொருந்தவில்லை. ஆகவே குழாயை மட்டும் கழற்றி இதன் தவாளிக்குள் இடவேண்டியதாயிற்று. முனைக்கம்பியில் சாலிடர் இரும்பை நீண்ட நேரம் வைத்தால் கண்ணாடி விரிசல் விடும். கம்பியை முன்கூட்டியே ஈயம் பூசித் தயாராக வைத்து, ஒரு தொடுதலில் ஒட்டவைத்தோம். நல்ல நிலையில் இருந்த இறப்பர் உறைகளையும் சேர்த்தே மாற்றினோம், உயர் மின்னழுத்தம் உலோகத் தவாளிக்குத் தாவாமல் தடுப்பது அவைதான். வேலை முழுவதும் ஜன்னல் திறந்தே இருந்தது. குழாய்க்குள் இருப்பது சில மில்லிகிராம் பாதரசமே என்றாலும், உடைந்தால் தும்புத்தடியால் கூட்டக்கூடாது, தடித்த காகிதத்தால் ஒதுக்கி, எஞ்சிய துகள்களை ஒட்டுநாடாவால் எடுத்து மூடியுள்ள போத்தலில் போடவேண்டும் என்று பையனுக்கு முன்பே சொல்லி, அவற்றை எடுத்தும் வைத்திருந்தோம். தேவைப்படவில்லை.

பின்விளைவு

சட்டத்தை மூடுவதற்கு முன்பே கணினியை மீண்டும் ஜன்னலருகே இரவு முழுக்க வைத்தோம். காலையில் திரை தாமதமின்றி வெள்ளையாகவே ஒளிர்ந்தது. பகலில் பார்த்துத் திருப்தியடைந்து கொடுத்திருந்தால், முந்திய ஏப்ரலில் நடந்ததைத்தான் மீண்டும் செய்தவர்களாவோம். குளிரில் தோன்றும் பழுதுக்குக் குளிரில் கிடைக்கும் சான்றே சான்று. முழுத் திரையிலும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து பார்த்ததில், வலது கீழ்மூலையில் கூர்ந்து நோக்கினால் மட்டும் தெரியும் மெல்லிய நிழல் ஒன்று இருந்தது. குழாய் வேறு தயாரிப்பு என்பதால் வெண்மையில் ஓர் இளமஞ்சள் சாயலும் உண்டு. இரண்டையும் ஆசிரியைக்குக் காட்டிய பின்னரே கணினியை ஒப்படைத்தோம்.

கட்டணமாகப் பெற்றது உழைப்புக்கான கூலி மட்டுமே; குழாய் ஒதுக்கிய பொருளிலிருந்து வந்தது. அந்த மாத இறுதியில் உறைபனி கொட்டிய காலை ஒன்றில் அவர் தொலைபேசியில் அழைத்து, திரை உடனே வந்துவிட்டதாகச் சொன்னார். அடுத்த மார்கழியையும் கணினி இடர்ப்படாமல் கடந்தது.

நடைமுறையில் மாறியவை

இந்த நிகழ்வுக்குப் பிறகு, கணினியைப் பொறுப்பேற்கும்போது எழுதும் துண்டில் இரண்டு கேள்விகள் சேர்ந்தன: பழுது எந்த நேரத்தில், எந்த ஊரில் தோன்றுகிறது, முன்பு எந்தப் பாகம் எந்த மாதத்தில் மாற்றப்பட்டது. தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலுள்ள நானுஓயாவுக்கு மேலிருந்து வரும் பழைய கணினிகளைப் பொறுத்தவரை, திரைப் பழுது பகலில் தோன்றாவிட்டால் ஓர் இரவு வைத்துப் பார்க்காமல் திருப்பி அனுப்புவதில்லை. பாகம் மாற்றப்படும் பழுதுகளில், சந்தேகத்துக்குரிய பாகத்தைப் புதிதாக வாங்குவதற்கு முன், நல்லதென்று தெரிந்த ஒன்றைத் தற்காலிகமாக இணைத்துப் பார்க்கும் ஒழுங்கையும் கடைப்பிடிக்கிறோம். அதற்காகவே கண்ணாடி வெடித்த பெனல்களைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்காமல் அளவு வாரியாக எடுத்து வைக்கத் தொடங்கினோம்.

மாற்றிய குழாயும் பாவித்த குழாய்தான். அது எத்தனை குளிர்காலம் தாங்கும் என்று உறுதிகூற இயலாது என்பதை ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறோம். திரை மீண்டும் சிவந்து தொடங்கினால் அணையும்வரை காத்திராமல் கொண்டுவரும்படியும், அப்போது எல்ஈடி பட்டியையே பொருத்துவதாகவும் பேசி வைத்திருக்கிறோம். அதற்குள் வினாத்தாள்களை ஒவ்வொன்றாக யூனிகோட் எழுத்துக்கு மாற்றிச் சேமிக்கும் வேலையை அவர் தொடங்கிவிட்டார்.